பிறப்பால் வந்ததும் உங்கள் அகதி வழக்கும்

(லா சப்பலில் புதிதாக வந்தவர்களுக்கு நடத்திய ஆலோசனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இடம் சின்னது, ஆட்கள் கூட. வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு வந்த தங்கச்சிமாருக்கும் கதிரையைக் கொடுங்கோ. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்கலாம், ஆனால் உங்கட பெயர், ஊர், நடந்த சம்பவம் ஒன்றையும் எல்லோருக்கும் முன்னால் சொல்லாதேங்கோ. அதைத் தனியாக இருந்து கதைப்போம்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விசயம், ஒவ்வொரு கிழமையும் யாரோ ஒருவர் என்னிடம் கேட்கிற கேள்வி. "ரீச்சர், நான் தமிழன். தமிழனாப் பிறந்ததுதான் என்ர பிரச்சினை. இதுக்கு மேல ஒப்ராவில என்னத்தைச் சொல்லுறது?" இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதியால்தான் பல வழக்குகள் விழுகின்றன.

பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது என்று ஊரில் சொல்லுவோம். நான் 14 வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். குழப்படிக்காரப் பிள்ளைக்கும் இதைச் சொல்லுவோம், படிக்காத பிள்ளைக்கும் இதைச் சொல்லுவோம். "பிறவி மந்தம்" என்று கடைசி வாங்கில் ஒதுக்கிவிட்ட பிள்ளை, கண்ணாடி போட்ட பிறகு முன் வாங்குக்கு வந்ததையும் நான் கண்டிருக்கிறேன். பிறவி என்ற சொல்லை நாங்கள் அவசரப்பட்டுத்தான் பாவிக்கிறோம். அகதிச் சட்டம் அதே சொல்லை மிகவும் கவனமாகப் பாவிக்கிறது. அது எப்படி என்று விளங்கினால், உங்கட கதையில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதும் விளங்கும்.

1951ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி ஜெனீவாவில் அகதிகள் பற்றிய உடன்படிக்கை உருவானது. பிரான்ஸ் 1954இல் அதை ஏற்றது. தன் நாட்டில் துன்புறுத்தப்படுவேன் என்று ஒருவர் நியாயமாகப் பயப்பட்டால் மட்டும் அதன்படி அகதி ஆகிவிட முடியாது. அந்தத் துன்புறுத்தலுக்கு ஐந்து காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. இனம் பிறப்போடு வருகிறது. மதம் பெரும்பாலும் பிறப்போடு வந்தாலும் மாறலாம். அரசியல் கருத்தோடு யாரும் பிறப்பதில்லை.

நாலாவதாகச் சொன்ன "சமூகக் குழு" என்பதுதான் சிக்கல். சுவீடன் நாட்டுப் பிரதிநிதியின் யோசனையாக அது கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. அது என்ன குழு என்று அப்போது ஒருவரும் விளக்கி எழுதி வைக்கவில்லை. அதனால் அதன் பொருளை நீதிபதிகள் வழக்கு வழக்காகக் கண்டுபிடிக்க வேண்டி வந்தது.

இதில் ஒரு ரக்சிச் சாரதியின் வழக்கு முக்கியம். அவர் எல் சல்வடோர் நாட்டுக்காரர். வேலையை நிறுத்தச் சொல்லி ஆயுதக் குழு மிரட்டியது, சக சாரதிகள் சிலர் கொல்லப்பட்டார்கள். அவர் அமெரிக்காவுக்கு ஓடிவந்து புகலிடம் கேட்டார். 1985இல் அங்குள்ள குடிவரவு மேல்முறையீட்டுச் சபை, ரக்சி ஓட்டுவது ஒரு தொழில்தான், அதை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே சாரதிகள் ஒரு "சமூகக் குழு" அல்ல என்று சொல்லிவிட்டது. அவருக்கு அது தோல்வி. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு அளவுகோல் பிறந்தது. ஒருவரால் மாற்ற முடியாத, அல்லது மாற்றச் சொல்லிக் கேட்கவே கூடாத ஒரு அடையாளம் இருக்க வேண்டும். ஆண், பெண் என்பது, தோல் நிறம், இரத்த உறவு போன்றவை. நடந்து முடிந்துவிட்ட ஒரு கடந்த காலமும் இதற்குள் வரலாம். கனடாவின் உச்ச நீதிமன்றமும் 1993இல் ஏறக்குறைய இதே வழியில் போனது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004இலும் பிறகு 2011இலும் எழுதிய சட்டத்தில் இது மூன்று வகையாக வருகிறது. ஒன்று, பிறவியிலேயே வந்த தன்மை. இரண்டாவது, இனி மாற்ற முடியாத பின்னணி. மூன்றாவது, கைவிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாத அளவுக்கு ஒருவரின் மனச்சாட்சியோடு ஒட்டிய நம்பிக்கை அல்லது தன்மை. இதோடு, அந்த நாட்டுச் சமூகம் அப்படிப்பட்டவர்களை வேறானவர்களாகப் பார்க்கவும் வேண்டும். பிரான்சில் உங்கட வழக்கைப் பார்க்கிற ஒப்ராவும், அதற்கு மேலே மொந்திறையில் இருக்கிற தேசியப் புகலிட நீதிமன்றமும் இந்த வரைவிலக்கணத்தைத்தான் கையில் வைத்திருக்கின்றன. அந்த நீதிமன்றத்தைப் பழைய ஆட்கள் "கொமிசன்" என்பார்கள், குழம்பாதேங்கோ.

அண்மையில் நடந்த ஒரு மாற்றத்தைத் தங்கச்சிமார் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2024 தை மாதம், லக்சம்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பெண்ணாகப் பிறந்ததே ஒரு பிறவித் தன்மைதான், ஒரு நாட்டுப் பெண்கள் முழுப்பேருமே சமூகக் குழுவாக இருக்கலாம் என்று சொன்னது. கட்டாயக் கலியாணத்திலிருந்து தப்பியது, புருசனை விட்டு வெளியேறியது போன்றவை மாற்ற முடியாத பின்னணியாகலாம் என்றும் சொன்னது. அதே வருடம் ஆடி மாதம் மொந்திறை நீதிமன்றம் ஆப்கானிஸ்தான் பெண்களை அப்படியொரு குழுவாக ஏற்றது. இலங்கைப் பெண் என்றாலே காட் கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் "வீட்டுக்குள்ள நடந்ததையெல்லாம் எதுக்குச் சொல்லுறது, அது அரசியல் இல்லையே" என்று நீங்களாகவே மறைக்கத் தேவையில்லை.

இனி நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். தமிழன் என்றால் போதாதா?

ஒரு காலத்தில் கிட்டத்தட்டப் போதுமாக இருந்தது. 2009 சித்திரையில், போர் முடிவதற்குச் சற்று முன், ஐ.நா. அகதிகள் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டியில், வடக்கிலிருந்து வருகிற தமிழர்களை, மாறான தெளிவான காரணம் இல்லாவிட்டால் அகதிகளாக ஏற்க வேண்டும் என்று இருந்தது. 2010 யூலையில் அதே ஆணையம் அதை மாற்றி, இனி ஒவ்வொருவருடைய நிலைமையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியது. உங்களுக்கு முன்னர் வந்த அண்ணன்மார் "நான் அப்பிடிச் சொல்லித்தான் காட் எடுத்தனான்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த காலம் வேறு.

ஸ்ராஸ்பூர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 யூலை 17ஆம் திகதி ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில் கொடுத்த தீர்ப்பு இதை நல்லாக விளக்குகிறது. அவரை 1990க்கும் 1997க்கும் இடையில் இராணுவம் ஆறு தரம் பிடித்திருந்தது. ஒவ்வொரு தரமும் குற்றச்சாட்டு இல்லாமலே விட்டார்கள். கால்களில் அடித்த தழும்புகள் இருந்தன. கடைசித் தடவை படம் எடுத்து, கைரேகையும் எடுத்தார்கள். அவரை வெளியில் எடுக்கத் தகப்பன் ஏதோ கடதாசியில் கையெழுத்து வைத்தார். 1999இல் அவர் லண்டனுக்கு ஓடிவந்தார். அங்கே மறுத்துவிட்டார்கள்.

தமிழர் என்பதனால் மட்டும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்ல முடியாது என்றுதான் நீதிமன்றம் தொடங்கியது. ஆனால் அதற்குமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. முன்னர் சந்தேகத்தில் பிடிபட்ட பதிவு, உடம்பில் தழும்பு, காவலிலிருந்து தப்பியது, வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தது, அடையாள அட்டை இல்லாதது, களவாக நாட்டை விட்டு வெளிக்கிட்டது, இயக்கத்தில் இருந்த உறவினர், லண்டன் மாதிரி இயக்கத்துக்குக் காசு சேர்ந்த இடத்திலிருந்து திரும்பிப் போவது. தனித்தனியாகப் பார்த்தால் சிறிதாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று முடித்தது.

தமிழராகப் பிறந்ததோடு அந்த மனிதரின் கதை நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கோ. அந்தப் பிறப்பினால் எந்தத் திகதியில், எந்த முகாமில், யார் என்ன செய்தார்கள் என்பதுதான் அவருடைய வழக்கு. ஒப்ரா அதிகாரி உங்களிடம் கேட்பதும் அதைத்தான். "தமிழரை அடிக்கிறாங்கள்" என்றால் அவருக்குத் தெரியும், அவருடைய மேசையில் அறிக்கைகள் இருக்கின்றன. "என்னை அடிச்சாங்கள்" என்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

உடம்பில் இருக்கிற தழும்பு பிறவியில் வந்ததில்லை. ஆனால் இனி அது போகாது. 2013 புரட்டாதி மாதம் ஸ்ராஸ்பூர்க் நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகவே ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அந்த வழக்காளியும் இலங்கைத் தமிழர்தான். அவருடைய காயங்களை விபரித்து ஒரு வைத்தியர் எழுதிய அத்தாட்சி இருந்தது. அது எழுப்பிய சந்தேகத்தைத் தீர்க்காமல் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே தழும்பு இருப்பவர்கள் வைத்தியரிடம் காட்டி எழுத்தில் எடுங்கோ. சித்திரவதைக்கு ஆளானவர்களைக் கவனிக்கிற பிறிமோ லேவி நிலையம் பாரிசில் இருக்கிறது, கிறெம்லான் பிசெத்தர் வைத்தியசாலையில் கொமெட் இருக்கிறது. கடைசிக் கிழமையில் ஓட வேண்டாம்.

இன்னொரு பயம் எங்கட ஆட்களுக்கு இருக்கிறது. "நான் இயக்கத்தில இருக்கேல்லை. அப்ப எனக்குக் கேஸ் இல்லையோ?" இருக்கிறது. ஐரோப்பியச் சட்டம் இதில் தெளிவு. நீங்கள் உண்மையில் அப்படிப்பட்டவரா என்பது முக்கியமில்லை, துன்புறுத்துகிறவன் உங்களை அப்படி நினைத்தால் போதும். தமையன் இயக்கத்தில் இருந்ததற்காகத் தம்பியைப் பிடித்தால், அந்தத் தம்பி இயக்கக்காரனாக வேடம் போடத் தேவையில்லை. "நான் அவற்ற தம்பி" என்பதுதான் அவருடைய வழக்கு. உறவும் பிறப்பால் வந்தது, மாற்ற முடியாதது. இல்லாத பயிற்சியையும் இல்லாத சண்டையையும் சேர்த்துச் சொன்னால், அடுத்த கேள்வியிலேயே நீங்கள் விழுந்துபோவீர்கள். உண்மையான பகுதியையும் பிறகு நம்ப மாட்டார்கள்.

இனிச் சொல்லப் போவது, கூட்டத்தில் கதைக்கக் கூச்சமான விசயம். நான் கதைக்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

எங்களுக்குள் ஆணை விரும்புகிற ஆண்கள் இருக்கிறார்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள் இருக்கிறார்கள், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் 365, 365அ என்ற பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலிருந்து வந்தவை. 1995இல் அவற்றைத் திருத்தியபோது நீக்காமல் பெண்களையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். 2023 மே மாதம், அவற்றை நீக்குகிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று கொழும்பு உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. உங்கட நேர்முகம் வரும்போது நிலைமை என்ன என்பதை உங்கட அவக்காவோடு பாருங்கோ. சட்டம் ஒரு பக்கம் இருக்க, பொலிஸ் என்ன செய்தது, வீட்டார் என்ன செய்தார்கள், ஊர் என்ன செய்தது என்பதும் உங்கட வழக்குத்தான்.

இப்படிப்பட்ட ஒருவர், பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில், வேறு யாருடையவோ அரசியல் கதையைச் சொல்லி, மறுப்புக் கடிதத்தோடு வந்து நிற்பதை நான் ஒரு தரத்துக்கு மேல் கண்டுவிட்டேன். அவரிடம் உண்மையான வழக்கு இருந்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு பொய்யைக் கொடுத்திருந்தார். அவரை நான் ஏச மாட்டேன். பயம் அப்படி.

அதனால் இதைக் கேளுங்கோ. 2012இல் பிரான்சின் அரச சபை, சொந்த நாட்டில் பகிரங்கமாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது என்றது. 2013இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், திரும்பிப் போய் மறைத்துக்கொண்டு வாழ் என்று சொல்லவும் கூடாது என்றது. 2014இல் அதே நீதிமன்றம், படுக்கையறை விபரங்களைத் துருவிக் கேட்கக் கூடாது, படம் வீடியோ கேட்கக் கூடாது, பிந்திச் சொன்னார் என்ற ஒரே காரணத்தால் பொய் என்று முடிவெடுக்கவும் கூடாது என்றது. ஆனாலும் முதலிலேயே சொல்லுவதுதான் உங்களுக்கு நல்லது. பிந்தினால் ஏன் பிந்தியது என்றும் விளக்க வேண்டி வரும்.

மொழிபெயர்ப்பாளர் எங்கட ஆளாக இருப்பாரே என்று கேட்பீர்கள். இருப்பார். அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஒப்ராவில் நீங்கள் சொன்னது உங்கட நாட்டுத் தூதரகத்துக்கும் போகாது. பாலியல் வன்முறை போன்ற, சொல்லக் கடினமான விசயம் இருந்தால், பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம், ஆண்களும் தங்களுக்கு வசதியான மாதிரிக் கேட்கலாம். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கோ, எழுத நாங்கள் உதவுவோம். மொந்திறையில் வழக்குப் பொதுவாகத் திறந்த மண்டபத்தில் நடக்கும். கதவைச் சாத்தி விசாரிக்கச் சொல்லிக் கேட்டால் அது உங்கட உரிமை, மறுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரின் தமிழ் விளங்காவிட்டால் தொடக்கத்திலேயே சொல்லுங்கோ. மரியாதைக்காகத் தலையாட்ட வேண்டாம்.

சாதியும் பிறப்போடு வருகிறது, கழற்ற முடியாது. சாதி பார்த்துக் கோயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் விடாமல் தடுப்பதை இலங்கையில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் என்ன நடந்தது என்று உங்கட பெற்றோரைக் கேளுங்கோ. சாதி மாறிக் கலியாணம் செய்ததால் வெட்ட வந்தார்கள் என்றால் அதைச் சொல்லுங்கோ. ஆனால் இரண்டு கேள்வி கட்டாயம் வரும்: பொலிசுக்குப் போனீர்களா, வேறு ஊரில் போய் இருந்திருக்க முடியாதா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் சாதியை மட்டும் சொல்லி ஒப்பேற்றுவது கடினம். உள்ளதைச் சொல்லுகிறேன்.

சுபாவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் கொஞ்சம் பிறவிதானே. சிலர் பிறந்ததிலிருந்தே மெல்லமாகக் கதைப்பார்கள். சிலர் வெட்கம் வந்தால் சிரிப்பார்கள். அடி வாங்கியதைச் சொல்லும்போது எங்கட ஆட்கள் சிரிப்பது எனக்கு விளங்கும், பிரெஞ்சு அதிகாரிக்கு விளங்காமல் போகலாம். அதற்காக அழுது நடிக்காதேங்கோ. "எனக்கு இதைச் சொல்லக் கஷ்டமாக் கிடக்கு, அதுதான் சிரிக்கிறன்" என்று அப்படியே சொல்லுங்கோ, அதுவும் பதிவாகும். நினைவில்லாத திகதிக்கு நினைவில்லை என்று சொல்லலாம். மாரியா கோடையா, திருவிழாவுக்கு முன்னமா பின்னமா என்று சொன்னாலும் அது ஒரு விபரம். மாணவர்கள் பாடமாக்கி ஒப்புவிப்பதையும் தெரிந்து சொல்வதையும் நான் இரண்டு வசனத்தில் பிரித்துவிடுவேன். ஒப்ரா அதிகாரிக்கு அதுதான் தொழில். இங்கே காசுக்குக் கேஸ் எழுதுகிறவர்கள் ஒரே கதையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுத்தால், பத்தாவது ஆளின் கதி என்ன என்று யோசியுங்கோ.

கடைசியாகப் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, தகப்பன் பெயரைத்தான் முன்னுக்குப் போடுகிறோம். இங்கே அதுவே உங்கட குடும்பப் பெயராகிவிடும். பிறப்புப் பத்திரத்தில், கடவுச்சீட்டில், ஒப்ராப் படிவத்தில் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கோ. அகதி அந்தஸ்துக் கிடைத்தால் உங்கட பிறப்புப் பத்திரத்தை ஒப்ராதான் புதிதாக எழுதும். அதில் ஒரு எழுத்துப் பிழைத்தால் பிள்ளைகளின் பத்திரம் வரைக்கும் அது போகும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் கொடுங்கோ.

மறுப்புக் கடிதம் வந்தவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே என்னைச் சந்தித்துவிட்டுப் போங்கோ. மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கும், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அதனால் கடிதத்தோடு அது வந்த உறையையும் எறியாமல் கொண்டு வாங்கோ. மற்றவர்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, அந்த மூலையில் இருக்கிற தங்கச்சி பெயர்களை எழுதுகிறா, வரிசைப்படி கூப்பிடுவோம்.